கட்டளையை வாசித்தால்தான் கதிரையில் இருப்பது யார் என்று தெரியும்

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தில் நான் தொண்டு செய்யும் பழைய மாளிகையின் பின்சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் இலை கூட்டும் தம்பி ஒருவன், அந்த மாளிகை போன்ற பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் தன் உறுப்பினருக்கு அனுப்பிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"அக்கா, இதிலை நான் புள்ளடி போடுற ஆள்தானே நிறுவனத்தை ஆளுற ட்ரஸ்டியா வாறது?"

"இல்லை."

"அப்ப நான் ஆரைத் தெரிவு செய்யிறன்?"

"ட்ரஸ்டியைத் தெரிவு செய்யிற ஆக்களிலை பாதிப்பேரை."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பான். 22 வருடம் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் உறுதி தட்டச்சு செய்தவள் நான், இப்போது ஓய்வு. கிழமையில் இரண்டு நாள் அந்த மாளிகையின் வாசிகசாலை அறையில் நின்று "தொடாதேங்கோ" என்று சொல்வதுதான் வேலை. பழைய பழக்கம் விடவில்லை, எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் முதலில் அதன் யாப்பை, அதாவது அதை நடத்தும் விதிகளை, தேடுவேன். தம்பிக்கு அன்று சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஊர் ஆட்களுக்கு நான் இதை ஒரே சொல்லில் சொல்வேன்: வர்த்தமானி. கொழும்பில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றும். அப்புறம் அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அமைச்சர் அதிவிசேட வர்த்தமானியில் ஒழுங்குவிதி வெளியிடுவார். நாங்கள் இரவு வானொலியில் காது கொடுத்துக் கேட்டது பெரும்பாலும் வர்த்தமானிச் செய்தியைத்தான். இங்கிலாந்திலும் அதே கதை. தாய்ச் சட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழே அமைச்சர் இடும் கட்டளைகள், ஒழுங்குவிதிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பழைய வீடுகளையும் தேவாலயங்களையும் கால்வாய்களையும் காக்கும் பெரிய தொண்டு நிறுவனங்கள் சிலவற்றை யார் ஆள வேண்டும் என்பதே இப்படிப்பட்ட ஒரு கட்டளையில் இருக்கிறது. வரவேற்பு மேசையில் கிடக்கும் வழுவழுப்பான கையேட்டில் அது இருக்காது.

ஆகவே முதல் வேலை, உங்கள் நிறுவனம் எந்த வகை என்று பார்ப்பது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்டை எடுங்கள். 2,000 மைல் நீர்வழிகளைப் பார்க்கிற அமைப்பு. அது 2012 ஆடியில் தொடங்கியபோது, அரச கூட்டுத்தாபனமாக இருந்த பிரிட்டிஷ் வோட்டர்வேஸின் கடமைகளை அதற்கு மாற்றிக் கொடுத்தது 2011ஆம் ஆண்டின் பொது அமைப்புகள் சட்டத்தின் கீழ் வந்த ஒரு கட்டளை. ஆனால் அங்கே தலைவரை நியமிப்பது யார் என்று அந்தக் கட்டளையில் தேடினால் பொழுதுதான் வீண். அது பங்குகள் இல்லாமல் உறுப்பினரின் உத்தரவாதத்தில் நிற்கும் வகைக் கம்பனி. அந்த விபரம் கம்பனியின் யாப்பில் இருக்கும். ஸ்டோன்ஹெஞ்ச் உட்பட 400க்கு மேற்பட்ட இடங்களைப் பார்க்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் இன்னொரு மாதிரி. 2015 சித்திரையில் இருந்து அது ஹிஸ்டோரிக் இங்லண்ட் என்ற அரச அமைப்பு கொடுத்த அனுமதிப்பத்திரத்தின் பேரில் அந்த இடங்களை நடத்துகிறது. ஆராதனை நின்றுபோன 350க்கு மேற்பட்ட தேவாலயங்களைக் காக்கும் சேர்ச்சஸ் கொன்சர்வேஷன் ட்ரஸ்டுக்கோ, அரசு கொடுக்கும் மானியத்துக்கே சில வருடத்துக்கு ஒருமுறை ஒரு கட்டளை வேண்டும். ஸ்கொட்லாந்தின் நேஷனல் ட்ரஸ்ட் தன் நிர்வாகத்தை மாற்ற 2013இல் எடின்பரோ நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

நான் ஆறுதலாகக் காட்டப்போவது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கான நேஷனல் ட்ரஸ்டை. ஏனென்றால் அங்கேதான் சட்டமும் கட்டளையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1895இல் ஒக்டேவியா ஹில், றொபேட் ஹன்டர், ஹார்ட்விக் றோன்ஸ்லி ஆகிய மூவர் தொடங்கியது. ஹன்டர் தபால் திணைக்களத்தின் சட்டத்தரணி. அடுத்த வருடம் சசெக்ஸில் அல்ஃப்ரிஸ்டன் என்ற கிராமத்தில் கூரை வேய்ந்த ஒரு பாதிரியார் வீட்டை 10 பவுணுக்கு வாங்கினார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். நிலத்துக்குச் சுண்ணக்கல் இடித்துப் போட்டுப் புளித்த பால் ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஆச்சி சாணி போட்டு மெழுகிய திண்ணைதான் நினைவில் வந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அதுவும் ஒரு கம்பனியாகத்தான் பதிவாகியிருந்தது. 1907இல் அதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. நிலத்தை "கைமாற்றவே முடியாதது" என்று பிரகடனம் செய்யும் அதிகாரம் அதில்தான் கிடைத்தது. ட்ரஸ்ட் தானே நினைத்தாலும் அந்த நிலத்தை விற்க முடியாது. பிறகு 1971 வரை திருத்தச் சட்டங்கள் பல வந்தன. இந்தச் சட்டங்களின்படி கவுன்சில்தான் எல்லாம். 52 பேர், பாதி உறுப்பினர் தெரிவு, பாதி வேறு அமைப்புகள் அனுப்பும் ஆட்கள். அந்த 52 பேருமே சட்டப்படி ட்ரஸ்டிகள். 52 பேரைக் கூட்டி ஒரு கூரைக்கு ஓடு மாற்ற முடிவெடுப்பதை நினைத்துப் பாருங்கள். கோயில் நிர்வாகசபையில் 15 பேர் இருந்தே தேர்த் திகதி முடிவாகாத ஊர் எங்களுடையது. 2003இல் பிளேக்கன்ஹாம் பிரபு தலைமையில் நடந்த ஒரு மீளாய்வு, சிறிய ட்ரஸ்டி சபை வேண்டும் என்றது. அதன் பலன்தான் 2005இல் வந்த கட்டளை: சரிட்டீஸ் நேஷனல் ட்ரஸ்ட் கட்டளை, அந்த ஆண்டின் 712ஆம் இலக்கம்.

இதைக் கையில் எடுப்பது எப்படி? லெஜிஸ்லேஷன் டொட் கவ் டொட் யூகே என்ற அரச தளத்தில் ஆண்டையும் இலக்கத்தையும் போட்டுத் தேடுங்கள், பெயரைப் போட்டுத் தேடினால் நூறு வரும். தாய்ச் சட்டத்தை அங்கே தேடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 1907 சட்டத்தின் அத்தியாய எண் சின்ன எழுத்து ரோமன் எண்ணில் இருக்கும், 136. சின்ன ரோமன் எண் என்றால் அது ஒரு நிறுவனத்துக்கோ ஊருக்கோ செய்த தனிப்பட்ட வகைச் சட்டம் என்று அர்த்தம். நாடு முழுவதற்கும் பொதுவான சட்டங்களைத் திருத்தித் திருத்தி இற்றைப்படுத்துகிற மாதிரி இவற்றுக்கு யாரும் மினக்கெடுவதில்லை. ஆகவே பழைய அச்சுப் பிரதியை எங்கேயோ கண்டுபிடித்து "கவுன்சில்தான் ஆளுகிறது" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னால் மானம் போகும். 1907 முதல் 1971 வரையான சட்டங்களை 2005 கட்டளை மாற்றியபடி சேர்த்துத் தைத்த ஒரு பிரதியை நேஷனல் ட்ரஸ்டே வெளியிட்டிருக்கிறது. அதையே எடுங்கள். அச்சடித்து எடுங்கள், திரையில் வாசித்தால் பிரிவுக்குப் பிரிவு தாவிக் கண் கெட்டுப்போகும்.

இப்போது வாசிக்கும் முறை. நான் எந்தக் கட்டளையையும் பின்பக்கத்தில் இருந்துதான் தொடங்குவேன். கடைசியில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும், சாதாரண ஆங்கிலத்தில், அரைப் பக்கம். கட்டளை என்ன செய்கிறது என்று அதில் விளங்கிவிடும். ஆனால் அதன் தலையிலேயே "இக்குறிப்பு கட்டளையின் பகுதியல்ல" என்று அடைப்புக்குள் போட்டிருக்கும். விளங்கிக்கொள்ள அது போதும், வாதாடக் காணாது. எங்கள் அலுவலகத்தில் புதிதாக வந்த ஒரு பிள்ளை விளக்கக் குறிப்பை மேற்கோள் காட்டிக் கடிதம் அனுப்பி, பெரியவரிடம் வாங்கிய ஏச்சு எனக்கு இன்றைக்கும் கேட்கும்.

பிறகு முன்பக்கம். மேலே திகதிகள்: கட்டளை இட்ட நாள், நாடாளுமன்றத்தில் வைத்த நாள், நடைமுறைக்கு வரும் நாள். அடுத்தது முகவுரை. அமைச்சர் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இதைச் செய்கிறார் என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். கட்டளைக்கு உயிர் அந்தப் பிரிவில் இருந்துதான் வருகிறது. பிரிவு தராத அதிகாரத்தைக் கட்டளை தானாக எடுத்துக்கொள்ள முடியாது. 2005 கட்டளைக்கு அது 1993ஆம் ஆண்டின் சரிட்டீஸ் சட்டம், 17ஆம் பிரிவு. நாடாளுமன்றச் சட்டத்தால் ஆளப்படும் தொண்டு நிறுவனத்தின் யாப்பை மாற்ற வேண்டுமானால், தொண்டு நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் சரிட்டி கமிஷன் ஒரு ஸ்கீம், அதாவது புதிய விதிகளின் திட்டம், வரைந்து முடிவுசெய்யும். அமைச்சர் கட்டளை மூலம் அதற்கு உயிர் கொடுப்பார். இவ்வளவுதான் அந்தப் பிரிவின் சாரம். இப்போது தேடினால் 1993 சட்டம் நீக்கப்பட்டது என்று காட்டும். பயப்படத் தேவையில்லை. 2011 சட்டத்தின் 73ஆம் பிரிவில் அதே அதிகாரம் குடியேறிவிட்டது.

கட்டளையின் உடல் மிகச் சிறியது, ஏமாந்துபோவீர்கள். பின்னால் இணைத்திருக்கும் ஸ்கீமில்தான் சதை இருக்கிறது. அங்கே நான் இரண்டு பேனையும் ஒரு பென்சிலும் வைத்துக்கொள்வேன். யாரை யார் நியமிக்கலாம் என்று வரும் இடமெல்லாம் பச்சை. யாரை யார் விலக்கலாம் என்று வரும் இடமெல்லாம் சிவப்பு. "செய்தல் வேண்டும்" என்பதற்கும் "செய்யலாம்" என்பதற்கும் கீழே பென்சில் கோடு. முதலாவது கடமை, இரண்டாவது விருப்பம். சங்கச் சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் மாறி வாசித்ததால் வந்தவை. பச்சையை மட்டும் தொடர்ந்து பார்த்தால் நேஷனல் ட்ரஸ்டின் எலும்புக்கூடு தெரியும்: உறுப்பினர் கவுன்சிலின் ஒரு பாதியைத் தெரிவு செய்கிறார்கள், கவுன்சில் ட்ரஸ்டி சபையை நியமிக்கிறது, சட்டப் பொறுப்பு முழுவதும் ட்ரஸ்டி சபைக்கு. கவுன்சில் நியமிக்கும், கேள்வி கேட்கும், கண்காணிக்கும், வீட்டை நடத்தாது.

இது நல்லதா? ட்ரஸ்டிகள் குறைந்தது நல்லதென்றே நினைக்கிறேன். ஆனால் இலட்சக்கணக்கில் உறுப்பினர் உள்ள இடத்தில் ட்ரஸ்டியை நேரே தெரிவு செய்ய ஒருவருக்கும் வழியில்லை என்பது எனக்கு இன்னும் தொண்டையில் முள்தான்.

கட்டளையோடு வாசிப்பு முடிவதில்லை, அதற்குப் பிறகு என்ன மாறியது என்றும் பார்க்க வேண்டும். 2005 கட்டளைக்குப் பிறகும் கவுன்சில் பல வருடம் 52 பேராகத்தான் இருந்தது. இன்றைக்கு 36, 18 பேர் உறுப்பினர் தெரிவு, 18 பேர் அமைப்புகளின் நியமனம். பழைய தாளை வைத்துக்கொண்டு இன்றைய கணக்கைச் சொன்னால் பிழையாகிப்போகும்.

இந்த விஷயத்தில் எங்கள் கோயிலிலேயே ஒரு கூத்து நடந்தது. எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். அதுவும் பதிவுசெய்த தொண்டு நிறுவனம்தான். 2011 சட்டத்தை அச்சடித்துக் கொண்டுவந்த ஒருவர் பொதுக்கூட்டத்தில் எழும்பி, வருட வருமானம் 5,00,000 பவுணைத் தாண்டினால் முழுக் கணக்காய்வு கட்டாயம் என்று சத்தம் போட்டார். அந்த வருடம் எங்களுக்கு 5,40,000. நிர்வாகசபை பயந்து உடனே கணக்காய்வாளரைப் பிடித்தது. சட்டம் நிறைவேறியபோது அந்தத் தொகை இருந்தது உண்மைதான். ஆனால் 2015இல் ஒரு கட்டளை அதை 10,00,000 ஆக்கிவிட்டது. தாய்ச் சட்டத்தின் பழைய பிரதியில் தொகை அப்படியே கிடக்கும், கட்டளை எங்கேயோ தனியே இருக்கும். இப்படிப்பட்ட எல்லைத் தொகைகள் அடிக்கடி மாறுபவை. நீங்கள் கணக்கு முடிக்கும் வருடத்துக்கு எது பொருந்தும் என்று அன்றைக்கே பாருங்கள். காசை வீணாக்கிவிட்டார்கள் என்று நான் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கோயில் யாப்பை எடுத்துப் பார்த்தால், 14ஆம் பக்கத்தில் "வருடாந்தம் கணக்காய்வு செய்தல் வேண்டும்" என்று இருக்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் எங்கள் யாப்பே கேட்டிருக்கிறது. கத்தினவரும் வாசிக்கவில்லை, பயந்தவர்களும் வாசிக்கவில்லை, நானும் அன்றுவரை வாசிக்கவில்லை. ஆகவே தாய்ச் சட்டம், கட்டளை, சொந்த யாப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு கட்டளை வரப்போகிறது என்று தெரிந்தால் தடுக்க முடியுமா என்று தம்பி கேட்டான். பெரும்பாலும் இரண்டு வழியில் அவை நாடாளுமன்றத்துக்கு வரும். ஒன்று, வரைவாக வைத்துச் சபையின் ஒப்புதல் வாங்கிய பிறகே இடுவது. முகவுரையிலேயே அது சொல்லப்பட்டிருக்கும். மற்றது, இட்டுவிட்டு வைப்பது. 40 நாளுக்குள் நாடாளுமன்றத்தின் எந்தச் சபையும் நிராகரிக்காவிட்டால் அது நிற்கும். எதுவானாலும் ஒரு வசனத்தைக்கூடச் சபையில் திருத்த முடியாது. முழுதாக எடு, அல்லது முழுதாக விடு. கீழ்ச்சபை கடைசியாக ஒரு கட்டளையைத் தட்டி வீழ்த்தியது 1979இல். அது மண்ணெண்ணெய் விலை பற்றியது. ஆகவே அந்தக் கட்டத்தில் போய் மறியல் செய்வதில் பிரயோசனம் குறைவு. அதற்கு முன், நிறுவனமோ சரிட்டி கமிஷனோ கருத்துக் கேட்கும்போது எழுதுங்கள். பிரிவு இலக்கத்தைப் போட்டு, எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதினால் வாசிப்பார்கள். "எங்கள் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்" என்று தொடங்கும் ஏழு பக்கக் கடிதத்தை யாரும் வாசிப்பதில்லை. நான்தான் அவற்றைக் கோப்பில் போட்டவள்.

கடைசியாக, வாக்குச்சீட்டு. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு உறுப்பினரே தீர்மானம் கொண்டுவரலாம், 50 பேரின் ஆதரவு வேண்டும். ஆனால் நிறைவேறினாலும் அது ட்ரஸ்டிகளைக் கட்டுப்படுத்தாது. 1990இல் ட்ரஸ்ட் நிலத்தில் மான் வேட்டையை நிறுத்தச் சொல்லி உறுப்பினர் தீர்மானித்தார்கள். தடை வந்தது 1997இல், பேராசிரியர் பேட்சன் என்ற விஞ்ஞானி அறிக்கை கொடுத்த பிறகு. அதே மாதிரி, முன்கூட்டியே இட்ட வாசனைத் தடத்தில் வேட்டைநாய்களை ஓடவிடும் 'ட்ரெயில்' வேட்டைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்ற தீர்மானம் 2017இல் 299 வாக்கால் தோற்றது. 2021இல் அதே விஷயம் பெரும்பான்மையாக வென்றது. அடுத்த மாதமே ட்ரஸ்டிகள் அனுமதி கொடுப்பதை நிறுத்தினார்கள்.

2017இல் நடந்ததில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கூட்டத்துக்குப் போகாதவர்கள் தங்கள் வாக்கைப் பதிலாளாகத் தலைவரிடம் ஒப்படைக்கலாம். எந்தப் பக்கம் என்று குறிக்காமல் "உங்கள் விருப்பப்படி" என்று விட்ட வாக்குகளைத் தலைவர் தீர்மானத்துக்கு எதிராகப் போட்டார். சட்டப்படி அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சீட்டில் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது, வெறுமையாக விட்டால் என்ன ஆகும் என்று வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். 2022இல் இருந்து இன்னொரு வசதியும் இருக்கிறது: ஒரே புள்ளடியில், ட்ரஸ்ட் சிபாரிசு செய்த எல்லாவற்றுக்கும் வாக்கு. அவசரக்காரருக்கு நல்லது. நான் பாவிப்பதில்லை.

தம்பியும் பாவிக்கவில்லை. கவுன்சிலுக்கு நிற்பவர்கள் எழுதிய அறிமுகக் குறிப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசித்து முடிக்க அவனுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. உறையை ஒட்டுவதற்கு முன் நிமிர்ந்து, "அக்கா, மற்ற 18 பேரை அனுப்புற அமைப்புகளை ஆர் தெரிவு செய்யிறது?" என்று கேட்டான். என் பையில் இருந்த பச்சைப் பேனையையும் அச்சுப் பிரதியையும் எடுத்து அவன் பக்கம் தள்ளிவிட்டு, வாசிகசாலை அறைக்குப் போனேன். இரண்டு மணிக்கு என் முறை.